ஊசி போடாமல் பிடுங்கிய பல்

ராசா,

முதலில் ஒரு வேலை செய். வியாழக்கிழமை மாலைக்குப் பல் டாக்டரிடம் வாங்கி வைத்திருக்கிறாயே, அந்த நேரத்தைத் தள்ளிப் போடு. போன் பண்ணி வர முடியவில்லை என்று சொல். காரணம் கேட்டால் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொள், அது பொய்யும் இல்லை. அதைச் செய்துவிட்டு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து இதைப் படி. பஸ்ஸிலோ ஆபீசிலோ வைத்துப் படிக்காதே. நேற்று போனில், கடிதம் வரும், அதைப் படிக்காமல் டாக்டரிடம் போகாதே என்று நான் சொன்னபோது நீ சிரித்தாய். "ஒரு பல்லுக்குப் போயி இவ்ளோ கலாட்டாவா லா" என்றாய். சரி என்று சொன்னாயே தவிர, அது எப்படிப்பட்ட சரி என்று எனக்குத் தெரியும். இருபத்தாறு வருஷமாக உன்னிடம் அந்தச் சரியை வாங்கிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் சாதாரணத் தபாலை நம்பாமல் கூரியரில் அனுப்புகிறேன். கோலாலம்பூருக்கு ஒரே நாளில் போய்ச் சேரும் என்று அந்தப் பெண் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை நாம் பேசியதிலிருந்து தொடங்குகிறேன். இங்கே பினாங்கு குயின் ஸ்திரீட்டில், நீ கட்டிக்கொள்ளப்போகிற சாந்திக்குக் கூறைப் புடவை பார்த்துவிட்டு, மூன்று கடை ஏறி இறங்கிய கால்வலியோடு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தேன். கடைவாய்ப் பல் பாதி உடைந்துவிட்டது, ஆபீசுக்குக் கீழேயே ஒரு டாக்டர் இருக்கிறார், கல்யாணத்துக்கு முன் பிடுங்கிவிடுகிறேன் என்றாய். வாய்க்கு வந்ததைச் சொன்னேன், ஊசி போடாமல் பிடுங்கச் சொல் என்று. "அன்னிக்கு மாதிரியாம்மா?" என்று கேட்டாய். நீ நல்ல பிள்ளை, என் மனம் நோகக்கூடாது என்று நீயே இறங்கி வந்தாய். உங்களுக்காக ஊசி வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன், ஒரு நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டால் போச்சு, எந்தப் பல்லைக் கடிப்பது என்றுதான் தெரியவில்லை என்று கேலியும் பண்ணினாய். போனை வைத்துவிட்டு நிம்மதியாகத் தேத்தண்ணி போட்டுக் குடித்தேன். என் பிள்ளையைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். மறுநாள் திங்கட்கிழமை மத்தியானம்தான் நான் உனக்குச் சொன்னது என்ன என்று எனக்கே தெரிந்தது. அந்த வார்த்தையை இதோ திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஊசி இல்லாமல் அந்தப் பல்லில் யாரையும் கை வைக்க விடாதே. எல்லோருக்கும் வழக்கமாகப் போடுகிற ஊசியையும் இப்போதைக்கு ஒப்புக்கொள்ளாதே. இரண்டும் ஏன் கூடாது என்று சொல்வதற்கு நான் பழசைக் கிளறியாக வேண்டும். சுருக்கமாகச் சொல்ல என்னால் முடியாது, பொறுத்துக்கொள்.

உனக்குத் தெரிந்த அம்மா பள்ளிக்கூடப் பல் மிஸ்ஸி, பிள்ளைகளுக்குப் பல் பார்க்கிற நர்ஸ். வெள்ளை உடுப்பை மடமடவென்று கஞ்சி போட்டு உடுத்திக்கொண்டு, ஒரு வாரம் ஜார்ஜ் டவுன் பள்ளிகளில், மறுவாரம் மடக்கு நாற்காலியை வேனில் ஏற்றிக்கொண்டு பாலிக் புலாவ் பக்கத்துப் பள்ளிகளில். கரண்டு இல்லாத இடத்தில் காலால் மிதித்து ஓட்டுகிற டிரில்லை வைத்துக்கொண்டு சொத்தை அடைத்தவள். "சாக்கிட் தா, மிஸ்ஸி?", வலிக்குமா மிஸ்ஸி என்று கண் கலங்கக் கேட்கிற பிள்ளைகளுக்கு, எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும் என்று மூன்று பாஷையிலும் பொய் சொல்லி ஊசி போட்டவள். இத்தனை வருஷத்தில் எத்தனை வாய் பார்த்தேன் என்று எனக்குக் கணக்கே இல்லை. ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆனதில்லை. ஆனால் நீ என் நாற்காலியில் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை, அதை யோசித்துப் பார்த்திருக்கிறாயா? உன் பள்ளிக்கு என் முறை வந்தபோது வேறொரு மிஸ்ஸியோடு மாற்றிக்கொண்டேன். அவளிடம் கெஞ்சி, பட்டியலில் உன் பெயருக்கு நேரே 'பரிசோதித்தாயிற்று' என்று எழுத வைத்தேன். ஊர்ப் பிள்ளைகள் பல்லையெல்லாம் பார்த்த நான் என் பிள்ளை வாய்க்குள் எட்டிப் பார்க்கப் பயந்தேன். பல் மிஸ்ஸி மகனுக்கே சொத்தைப் பல்லா என்று உன் அப்பா உயிரோடிருந்தவரை என்னைச் சீண்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் காரணம் தெரியாது.

காரணம் உன் ரவி மாமா. ஹாலில் மாலை போட்ட படத்தில் மூக்குக் கண்ணாடியோடு சிரிக்கிறானே, அவன். என் ஒரே தம்பி. பன்னிரண்டு வயதில் தஞ்சோங் பூங்கா கடற்கரையில் தண்ணீரில் குதித்தவன் அப்படியே மூழ்கினான், நல்லவேளையாக ஒரு மீன்காரர் பார்த்து இழுத்துப் போட்டார். நன்றாக நீந்தத் தெரிந்தவன் அவன். பதினாறு வயதில், பள்ளிக்கூடத்தில் தீயணைப்பு ஒத்திகைக்குத் திடீரென்று மணி அடித்தபோது, பெஞ்சிலிருந்து சரிந்து விழுந்து கையும் காலும் வெட்டி இழுத்தது. இரண்டு தடவையும் ஒரு நிமிஷத்தில் எழுந்து உட்கார்ந்து என்ன நடந்தது என்று கேட்டான். உன் தாத்தா துறைமுகத்தில் கிராணி, கணக்கெழுதுகிற குமாஸ்தா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒழுங்காய்ப் படித்து ஒழுங்காய் வாழ்கிற குடும்பம் என்று நாலு பேர் சொல்வதுதான் அவருக்குச் சாப்பாடு. வீட்டில் நானும் பெரியம்மாவும் கல்யாணத்துக்கு நிற்கிறோம். வலிப்பு இருக்கிற வீடு என்று பேச்சுக் கிளம்பினால் யார் பெண் கேட்டு வருவார்கள்? அதனால் காதும் காதும் வைத்தமாதிரி முடித்தார்கள். வெயில் தாங்காத உடம்பு, அவ்வளவுதான் என்று நாங்கள் எல்லோரும் சொல்லப் பழகிக்கொண்டோம். சொல்லிச் சொல்லி நாங்களே நம்பினோம்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்குக் கல்யாணம் ஆகி, நீ என் வயிற்றில் நான்கு மாதம். ரவிக்கு மெட்ராஸில் காலேஜில் இடம் கிடைத்து, புதன்கிழமை கப்பல் ஏற வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கன்னம் வீங்கிக்கொண்டு வந்து நின்றான். அவனுக்கு ஊசி என்றாலே உயிர் போகும். சனிக்கிழமை, பெரியவர்களுக்கான கிளினிக் சாத்தியாயிற்று. "அக்கா, நீயே போட்டுடு. வேற ஆளுன்னா நான் ஓடிப் போயிருவேன்" என்றான். பல் மிஸ்ஸிகள் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டுந்தான் பார்க்க வேண்டும். பெரியவர்கள் வாயில் கை வைக்கக் கூடாது, பெரிய டாக்டருக்குத் தெரியாமல் பள்ளிக்கூடக் கிளினிக்கைத் திறக்கவே கூடாது. எனக்கு வேலை உறுதியாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆனால் சாவி என் பையில் இருந்தது, தம்பி என் முன்னால் நின்றான், எனக்கு என் கைமேல் அசாத்திய நம்பிக்கை. பள்ளிக்கூடத்தில் காவல்காரரைத் தவிர யாரும் இல்லை. மறந்து வைத்த குடையை எடுக்க வந்தோம் என்று அவரிடம் சொல்லிவிட்டு உள்ளே போனோம்.

நாற்காலி அவன் உயரத்துக்குக் குட்டை, காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொங்கப் போட்டுக்கொண்டான். இரண்டு கைப்பிடியையும் அவன் இறுக்கிப் பிடித்ததில் விரல் எலும்பெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. பெரிய படிப்பு படிக்கப்போகிற ஆளைப் பாரு என்று கிண்டல் பண்ணிக்கொண்டே ஊசி போட்டேன். மரத்துப் போவதற்கு நாம் போடுகிற அந்த மருந்தோடு கொஞ்சம் அட்ரினலினும் கலந்திருக்கும். ரத்தம் அதிகம் வராமல், மரத்தது சீக்கிரம் தெளியாமல் இருக்க அது. ஒரு குப்பியில் அவனுக்கு மரக்கவில்லை, வீக்கம் இருந்தால் அப்படித்தான். இன்னொன்றும் போட்டேன். "அக்கா, நெஞ்சு ஒரு மாதிரி அடிக்குது" என்றான். நான் சொன்ன பதில் இதுதான், ராசா. "பயந்தாங்கொள்ளி. கண்ண மூடிட்டு சும்மா படு." சொல்லிவிட்டுக் குறடை எடுக்கத் திரும்பினேன். பின்னால் நாற்காலி தடதடவென்று ஆடிய சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது அவன் கண் மேலே செருகியிருந்தது. பிறகு ஆட்டமும் நின்றுவிட்டது. கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தேன், நாடி இல்லை.

இதுவரை எழுதியதை யாராவது மடக்கிக் கேட்டிருந்தால் என்றைக்காவது சொல்லியிருப்பேனோ என்னவோ. இனி எழுதுவதைச் சாமி சந்நிதியில்கூட நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. நான் உடனே கத்தி ஆளைக் கூப்பிடவில்லை. அவன் நெஞ்சில் கை வைத்து அழுத்தவும் இல்லை. முதலில் ஊசியைக் கழற்றினேன். இரண்டு காலிக் குப்பியையும் பஞ்சில் சுற்றிக் கைப்பையில் போட்டேன். தட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அவன் கழுத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மடித்து வைத்தேன். மடித்து வைத்தேன், தெரியுமா? அதற்குப் பிறகுதான் வெளியே ஓடிக் காவல்காரரைக் கூப்பிட்டேன். இரண்டு நிமிஷம் இருக்கும், மூன்றாகவும் இருக்கலாம். ஆஸ்பத்திரியில், குடையை எடுக்கப் போன இடத்தில் சுருண்டு விழுந்தான் என்று சொன்னேன். இருதயம் நின்றுவிட்டது என்று எழுதினார்கள். பத்தொன்பது வயசுப் பிள்ளைக்கு இருதயம் ஏன் நிற்க வேண்டும் என்று யாரும் மல்லுக்கட்டவில்லை. உடம்பை அறுக்கக் கூடாது என்று தாத்தா காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். அவருக்கு அவருடைய பயம், உள்ளே பார்த்தால் வலிப்பு என்று எழுதிவிடுவார்களோ என்று. எனக்கு என் பயம். இரண்டு பயமும் சேர்ந்து அவனை அவசர அவசரமாக எரித்துவிட்டன. அந்த இரண்டு நிமிஷத்தில் அவன் பிழைத்திருப்பானா என்று இன்றுவரை எந்த டாக்டரிடமும் நான் கேட்கவில்லை. திங்கட்கிழமைகூட அந்தக் கேள்வி நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போயிற்று.

ஊசிதான் என் தம்பியைக் கொன்றது என்று நான் முடிவு கட்டினேன். அவன் ரத்தந்தானே உன் உடம்பிலும் ஓடுகிறது. ஆகவே உனக்கு ஊசி கிடையாது. உனக்கு ஒன்பது வயதில் கடைவாய்ப் பல் சொத்தையாகி, ராத்திரி முழுக்க அழுது, மூன்றாம் நாள் கன்னம் சிவந்தபோது, உன் அப்பா வெளியூர் போயிருந்த நாளாகப் பார்த்து உன்னை ஒரு பழைய சீனப் பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு என்னைத் தெரியும். ஊசி வேண்டாம் என்றதும் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மிஸ்ஸி, நீங்களா இப்படிச் சொல்கிறீர்கள் என்றார். அவனுக்கு ஒத்துக்கொள்ளாது, சீக்கிரம் முடியுங்கள் என்றேன். உன் தலையை என் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். நீ போட்ட சத்தம் கீழே தெருவில் போனவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். "அம்மா விடுங்கம்மா, விடுங்கம்மா" என்று என்னைத்தான் கூப்பிட்டாய், பிடித்துக்கொண்டிருந்ததும் நான்தான். பல் வந்த நிமிஷம் சத்தம் நின்றது. அப்பாடா என்று குனிந்து பார்த்தேன். உன் உதடு நீலமாக இருந்தது.

ரவியின் கண் எப்படிச் செருகியதோ அப்படியே உன் கண்ணும். இந்தத் தடவை நான் எதையும் மடித்து வைக்கவில்லை. உன்னைத் தரையில் தூக்கிப் போட்டு நெஞ்சில் கையை மடக்கிக் குத்தினேன். எத்தனை குத்து என்று தெரியாது. நீ இருமிக்கொண்டு எழுந்தாய், எச்சிலும் ரத்தமுமாக என் உடுப்பில் வழிந்தது. வலி தாங்காமல் வந்த மயக்கம், பிள்ளைகளுக்கு ஆவதுதான் என்றார் டாக்டர். நானும் வேகமாகத் தலையை ஆட்டினேன். நீ தூங்கிப் போய்விட்டாய் என்று உன்னிடம் சொன்னேன். அப்பாவிடம் சொல்லாதே என்று பினாங்கு ரோட்டில் ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தேன். வாய் வலியில் நீ அதைச் சாப்பிடக்கூட முடியாமல், எனக்காகச் சிரித்தாய். அன்றைக்கு நான் என்ன யோசித்தேன் என்று கேள். ஊசி போடாமலேயே இப்படி என்றால், போட்டிருந்தால் பிள்ளை போயே போயிருப்பான், நல்லவேளை என்று யோசித்தேன். வலிதான் உன்னைக் கீழே தள்ளியது என்று என் புத்திக்கு எட்டவில்லை. பயம் வந்தவளுக்குக் கண் இருந்தும் குருடு.

பிறகு நீ ஓட ஆரம்பித்தாய். நானூறு மீட்டரில் உன்னைப் பிடிக்க ஆள் இல்லை என்று உன் வாத்தியார் வீட்டுக்கே வந்து சொன்னார். ஒருநாள் பயிற்சியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாய் என்று நீயே விளையாட்டாகச் சொன்னாய். மறுநாளே நான் பள்ளிக்கூடத்துக்குப் போய், உனக்கு ஆஸ்துமா என்று சொல்லி உன் பெயரை எடுத்துவிட்டேன். நீ என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. ஆஸ்துமா இல்லாத பிள்ளைக்கு ஆஸ்துமா என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டாய். அம்மா சொன்னால் காரணம் இருக்கும் என்று அதட்டினேன். அந்த ஒரு மாதத்துக்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். உன்னை ஓட வேண்டாம் என்றது சரிதான் என்று டாக்டர் சொல்கிறார். ஆனால் காரணத்தைச் சொல்லி நிறுத்தியிருக்க வேண்டும். காரணத்தை மறைக்க நான் இன்னொரு வியாதியை உன் தலையில் கட்டினேன். நீ பள்ளிக்கூட ஃபாரம் நிரப்பும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன், நினைவிருக்கிறதா? மயக்கம் வந்ததுண்டா, குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் இறந்ததுண்டா என்ற இடமெல்லாம் இல்லை, இல்லை என்று நானே விரலால் காட்டுவேன். வேலைக்குச் சேரும்போது நீயாகவே அப்படி எழுதினாய். பழக்கிவிட்டவள் நான்.

இரண்டு வருஷத்துக்கு முன் எங்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். யாருக்கெல்லாம் ஊசி போடும்போது கவனம் வேண்டும் என்று பேச ஓர் இருதய டாக்டர் வந்தார். தைப்பிங் ஊர்ப் பிள்ளை, நம்மவர், உன்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருப்பார். இருதயம் பார்க்க நன்றாக இருக்கும், அடைப்பு இருக்காது, ஓட்டை இருக்காது, ஆனால் ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் அது தயாராவதற்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும், அந்த நேரத்தில் பயமோ வலியோ திடீர்ச் சத்தமோ வந்து உலுக்கினால் துடிப்பே தாறுமாறாகிவிடும் என்றார். கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டினார். குடும்பம் குடும்பமாக வரும், கடலில் குதித்தால் மூழ்குவார்கள், மணி அடித்தால் விழுவார்கள், வீட்டில் வலிப்பு என்று நினைத்து மறைப்பார்கள் என்றார். மூன்றாவது வரிசையில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்த நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். என் வீட்டுக்கு வந்து பார்த்தவர் மாதிரி பேசிக்கொண்டிருந்தார் அந்த மனுஷன். கேள்வி ஏதாவது உண்டா என்று கேட்டார். நான் கையைத் தூக்கவில்லை. இரண்டு வருஷம் தூக்கவில்லை, ராசா. கேட்டால் தெரிந்துவிடும், தெரிந்தால் உனக்குச் சொல்ல வேண்டும், சொன்னால் ரவியைச் சொல்ல வேண்டும். ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது என்று விளக்கேற்றிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகு, "அன்னிக்கு மாதிரியாம்மா" என்று நீ கேட்டது காதிலேயே நின்றது. திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு அந்த டாக்டரிடம் போனேன். என்னுடைய சிநேகிதி ஒருத்தி, அவள் தம்பி இப்படி, அவள் மகன் இப்படி என்று கதை சொன்னேன். வெட்கம் கெட்டவள், அங்கேயும் மறைத்தேன். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, கடைசியில் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "மிஸ்ஸி, அந்த ஃப்ரெண்டுக்கு இப்பவே ஒரு ஈ.சி.ஜி. எடுத்துரலாம். சட்டையைத் தளர்த்திட்டுப் படுங்க" என்றார். நான் அழுதுவிட்டேன். படுத்துக்கொண்டேன். காகிதம் ஓடி முடிந்ததும் ஸ்கேல் வைத்து அளந்தார், ஒரு தடவைக்கு மூன்று தடவை அளந்தார். என்னிடமும் இருக்கிறது. அம்மா வழியாகத்தான் உனக்கு வந்திருக்க வேண்டும் என்றார். அதே கோளாறுள்ள இருதயத்தோடு நான் ஐம்பது வயதை நெருங்கிவிட்டேன், ஒருநாளும் விழுந்ததில்லை. சிலரை அது தொடாமலே விட்டுவிடுமாம். பத்தொன்பது வயதில் அவனைத் தொட்டது, என்னைத் தொடவில்லை.

அப்படியானால் என் தம்பியைக் கொன்றது ஊசிதானே என்று கேட்டேன். இருக்கலாம், பயமாகவும் இருக்கலாம், இப்போது யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது என்றார். அட்ரினலின் கலந்த ஊசி இந்த மாதிரி உடம்புக்கு நல்லதில்லை, அது கலக்காத மருந்து இருக்கிறது என்றார். சரி, ஊசியே இல்லாமல் பிடுங்கினால் என்று கேட்டேன். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஐயோ, அதைச் செய்யவே கூடாது மிஸ்ஸி. உங்க குப்பியில இருக்கறது துளிதான். வலியும் பயமும் வந்தா உடம்பே அதைவிட அதிகமா ஊத்திரும்." அதைக் கேட்டதும் ஒன்பது வயதில் நீ போட்ட சத்தம் அந்த அறையில் எனக்குக் கேட்டது. உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு நான்தான் உன்னைச் சாவின் வாசல்வரை பிடித்துக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை அதே வாசலுக்கு இரண்டாம் தடவை அனுப்பினேன், தேத்தண்ணியும் குடித்தேன்.

இப்போது நீ செய்ய வேண்டியது இதுதான். டாக்டர் கோலாலம்பூரில் ஓர் இருதய நிபுணருக்குக் கடிதம் எழுதித் தந்திருக்கிறார், உள்ளே வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலையிலேயே போ. ஈ.சி.ஜி. எடுப்பார்கள், தினமும் போட மாத்திரை தரலாம். பல்லை ஆஸ்பத்திரியில், நெஞ்சில் வயரை ஒட்டிப் பார்த்துக்கொண்டே, அட்ரினலின் இல்லாத ஊசியை நன்றாகப் போட்டு, நன்றாக மரத்த பிறகுதான் எடுக்க வேண்டும். அதுவரை வலி தாங்கவில்லை என்று மருந்துக் கடையில் எதையாவது வாங்கி முழுங்காதே, சில மாத்திரைகளும் இதற்கு ஆகாதாம். இதையெல்லாம் இப்போது நான் நிதானமாக எழுதுகிற மாதிரி உனக்குத் தோன்றும். நான் நிதானமாக இல்லை. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த உன் பிடிவாதத்தோடு, சும்மா பிடுங்கிவிட்டு வந்துவிட்டேன் என்று சொல்லி அம்மாவை ஆச்சரியப்படுத்தலாம் என்று நீ நினைத்துவிடுவாயோ என்றுதான் எனக்குப் பயம். ஒரு தடவை நீலமான உதட்டைப் பார்த்துவிட்டேன், இன்னொரு தடவை பார்க்கிற தெம்பு எனக்கு இல்லை.

சாந்தியிடமும் சொல். இந்தக் கடிதத்தையே கொடுத்துப் படிக்கச் சொல். கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போது இதை எழுதுகிறாளே, கிழவிக்குப் புத்தி கெட்டுவிட்டதா என்று பெரியம்மா கேட்பாள், கேட்கட்டும். இது பிள்ளைகளுக்கும் வரலாம், பாதிக்குப் பாதி என்றார் டாக்டர். அந்தப் பெண் தெரிந்துகொண்டுதான் கழுத்தை நீட்ட வேண்டும். வேண்டாம் என்று அவள் போனால் அவள்மேல் கோபப்படாதே, என்மேல் கோபப்படு. அவள் இருந்தாலோ, நீ கீழே விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த ஓர் ஆள் உன் பக்கத்தில் இருப்பாள். ரவிக்குப் பக்கத்தில் இருந்தவளுக்கு அது தெரிந்திருந்தும் அவள் செய்யவில்லை.

என் ஈ.சி.ஜி. காகிதத்தையும் இதோடு வைத்திருக்கிறேன், மூலத்தையே அனுப்புகிறேன், பிரதி இல்லை. நிபுணர் உன்னைக் கேட்பார், குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்தார்களா என்று. தாய்மாமன், பத்தொன்பது வயது என்று சொல். எப்படி இறந்தார் என்று கேட்பார். வெயில் தாங்காத உடம்பு என்று சொல்லாதே. பல் நாற்காலியில், இரண்டு ஊசி போட்ட பிறகு என்று சொல். யார் போட்டது என்று அவர் கேட்க மாட்டார், அது அவருக்குத் தேவையும் இல்லை. இருந்தாலும் சொல்லிவிடு, என் அம்மாதான் போட்டார் என்று. உன் வாயால் அது ஒரு தடவை வெளியே வரட்டும். நீ சொல்லிவிட்டாய் என்று தெரிந்தால்தான், மற்றதையும் மறைக்காமல் சொல்லியிருப்பாய் என்று நான் நம்புவேன்.

அம்மா